சாட்ஸ்வொர்த் மாளிகை போதுமா, பழைய மில்லும் பார்க்கணுமா? டார்பிஷைரில் நான்கு நாள்

கேள்வி, 2024 மே 3

ஆகஸ்ட்டில் நான்கு நாள் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிப் பக்கம் போகிறோம். நான், மனைவி, 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பையன்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68, முட்டி வலி உண்டு. சாட்ஸ்வொர்த் மாளிகை முடிவாகிவிட்டது. கூட வேலை செய்பவர் குரோம்ஃபர்ட் பஞ்சாலையையும் பார் என்கிறார். ஈரோட்டுக்காரனுக்கு மில்லைக் காட்ட இங்கிலாந்து வேண்டுமா? மாளிகை, காடு, ஆறு போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

2024 மே 4, காலை

மறுக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சிங்காநல்லூர். அப்பா 31 வருடம் ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) பார்த்தவர். மில் சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார், அதுதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். டார்பிக்கு வந்து 13 வருடம் ஆகிறது. குரோம்ஃபர்ட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஈரோட்டுக்காரர் என்பதாலேயே நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற முடிதிருத்துபவர், டோப்பா வியாபாரி, 1771இல் அங்கே மில் கட்டத் தொடங்கினார். தண்ணீரால் ஓடி வெற்றி கண்ட முதல் பஞ்சு நூற்பாலை அது. நம் ஊரில் நாம் பார்த்த ஷிப்ட், கேட், மணி, வரிசை வீடு எல்லாவற்றுக்கும் மூத்த வீடு. சாலைப் பக்கம் போய் நில்லுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது, கோட்டை மாதிரி இருக்கும். மெஷினால் பிழைப்புப் போகிறது என்று கைராட்டினக்காரர்கள் வந்து உடைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் வீண் இல்லை. லங்காஷைரில் பிர்கேக்கர் என்ற இடத்தில் இருந்த அவருடைய மில்லை 1779இல் கூட்டம் கொளுத்திவிட்டது.

இன்னொன்று தண்ணீர். மில்லுக்கு வந்த தண்ணீரில் ஒரு பங்கு ஓடையிலிருந்து, மீதி மலைக்கு அடியில் இருந்த ஈயச் சுரங்கத்தின் வடிகாலிலிருந்து. பூமிக்குள்ளிருந்து வருவதால் குளிர்காலத்திலும் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கும், உறையாது. டிசம்பரில் மற்ற ஆறுகள் உறைந்து சக்கரம் நின்ற காலத்தில் இவருடைய சக்கரம் சுற்றியது. ஆள் இடத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தத் தண்ணீருக்காக.

மாளிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை: அந்த ஆடம்பரமெல்லாம் மில் பணத்தில் எழுந்ததுதான். அதனால் மில்லை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் பார்ப்பது வேரை விட்டுப் பூவைப் பார்ப்பது போல.

குரோம்ஃபர்ட்டில் நார்த் ஸ்ட்ரீட் என்று தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்று உண்டு. 10 நிமிடம் போதும், வெறும் வரிசை வீடுதான். நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

2024 மே 4, இரவு

தங்கும் இடம் பற்றிச் சொல்ல மறந்தேன். எல்லாரும் பேக்வெல் ஊருக்குள் தங்கப் பார்ப்பார்கள், ஆகஸ்ட்டில் அங்கே கார் நிறுத்த இடம் தேடியே ஒரு காலை போகும். டார்பியிலிருந்து மாட்லாக் வரை டெர்வென்ட் ஆற்றோடு ஒரு ரயில் போகிறது. பெல்பர், ஆம்பர்கேட், வாட்ஸ்டாண்ட்வெல், குரோம்ஃபர்ட், மாட்லாக் பாத் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நடக்கலாம். ஒரு நாளாவது காரை விட்டுவிட்டு அதில் போங்கள். பையன்களுக்கு ரயில், அம்மாவுக்கு ஜன்னல் சீட்.

மாட்லாக் பாத்திலிருந்து டார்பி வரை சுமார் 24 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு முழுவதும் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும் அதே பட்டியல்தான். ஒரு பஞ்சாலைக்கு அந்த மரியாதை கிடைத்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2024 மே 6

மே 4 காலை நான் எழுதியதில் ஒரு பெரிய தப்பு. மாளிகைகள் மில் பணத்தில் எழுந்தன என்று எழுதிவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது.

ஹார்ட்விக் ஹால் 1590களில் கட்டியது. கட்டியவர் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற நான்கு முறை மணந்த சீமாட்டி, அந்த மில்லுக்கு ஏறக்குறைய 180 வருடம் முந்தியவர். சாட்ஸ்வொர்த்தில் முதல் மாளிகையைத் தொடங்கியதும் அவரும் அவருடைய இரண்டாம் கணவரும். ஹேடன் ஹால் அதற்கும் பழையது, 12ஆம் நூற்றாண்டுக் கல்கூட அதில் இருக்கிறது. இவற்றுக்கு வந்த பணம் நிலம், ஆட்டுக் கம்பளி, ஈயச் சுரங்கம், பிறகு நிலக்கரி. பஞ்சுக்கு அதில் பங்கு இல்லை.

பஞ்சுப் பணத்தில் எழுந்த மாளிகை வேறு. மில்லுக்கு எதிரே மரங்களுக்கு மேல் தெரியும் வில்லர்ஸ்லி காசில். ஆர்க்ரைட் தனக்காகக் கட்டியது. 1791இல் உள்ளே தீப்பிடித்தது, 1792இல் அவர் குடியேறாமலே இறந்துபோனார். பெஸ் தன் வீட்டுக் கோபுரங்களின் உச்சியில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி வானத்தில் நிறுத்தினார். ஆர்க்ரைட் தன் மில்லுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்துக் கட்டினார்.

ஹார்ட்விக்கில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று ஊரில் ஒரு சொலவடையே உண்டு. கண்ணாடி அப்போது அவ்வளவு விலை. ஜன்னல்தான் அந்தக் காலத்துத் தங்கம். இந்தப் பயணம் முழுக்க ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போங்கள்: எங்கே பெரியது, எங்கே இல்லை, யாருக்காக வெளிச்சம் என்று.

2024 மே 12

அம்மாவுக்கு நடக்க எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். லாத்கில் டேல் பள்ளத்தாக்கு அழகு, ஆனால் மழை பெய்தால் சுண்ணாம்புக் கல் எண்ணெய் தடவினது போல வழுக்கும். என் முட்டியையே அங்கே ஒரு முறை பதம் பார்த்தேன். டவ்டேல் மிதிகற்களும் அம்மாவுக்கு வேண்டாம்.

மான்சல் டிரெயில் போங்கள். பழைய ரயில் பாதை, 1968இல் ரயில் நின்றது, இப்போது சுமார் 13.7 கிலோமீட்டர் நடைபாதை. கிட்டத்தட்டச் சமதளம், சக்கர நாற்காலிகூடப் போகும். மூடிக்கிடந்த சுரங்கப்பாதைகளை 2011இல் திறந்தார்கள், பெரியவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மீட்டர். உள்ளே ஆகஸ்ட்டிலும் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் கத்தி எதிரொலி கேட்பார்கள், விடுங்கள்.

நடுவில் ஹெட்ஸ்டோன் வயடக்ட் என்ற கல்பாலம். 1863இல் ரயிலுக்காகக் கட்டியது. அதைப் பற்றிப் பிறகு ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் இந்தப் பள்ளத்தாக்கே பாழாகிவிட்டது என்று கொதித்துப்போய் எழுதினார். இன்று அந்தப் பாலத்தைப் படம் எடுக்கத்தான் மேலே மான்சல் ஹெட்டில் கூட்டம் நிற்கிறது.

பாதைக்குக் கீழே வை ஆறு. கிரெஸ்புரூக் மில், லிட்டன் மில் இரண்டும் ஆற்றங்கரையில் தெரியும். இரண்டும் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பூந்தொட்டி, கார், துவைத்துக் காயும் துணி. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழைகள் விடுதியிலிருந்து ராபர்ட் பிளின்கோ என்ற சிறுவனை ஏழு வயது வாக்கில் வண்டியில் ஏற்றி நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பினார்கள். அது மூடியதும் அவனும் மற்றப் பிள்ளைகளும் லிட்டன் மில்லுக்கு வந்தார்கள். அடி, பசி, மெஷினில் போன விரல். பெரியவனாகி அவர் சொன்னது 1832இல் மான்செஸ்டரில் அச்சாகி வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காகப் போராடியவர்கள் கையில் அது ஆயுதமாக இருந்தது.

2024 மே 13

நேற்று எழுதிவிட்டுத் தூங்க முடியவில்லை. லிட்டன் மில் பக்கம் போகும்போதெல்லாம் எங்கள் தெருவில் இருந்த இரண்டு அக்காமார் நினைவுக்கு வருகிறார்கள். சுமங்கலித் திட்டம் என்று சொல்லி மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. ஒருவர் முழுத்தொகையோடு வந்தார். இன்னொருவர் மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது நெஞ்சுச் சளியோடு திரும்பினார், தொகை வரவில்லை. பிளின்கோ 1800 பக்கம் நடந்த கதை, இது என் பள்ளிக்கூட நாள் கதை.

பத்து வயதுப் பையனுக்கு இதைச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். அவன் வயதில் ஒருவன் அங்கே நின்றான் என்று சொன்னால் போதும்.

2024 மே 19

இங்கிலாந்தில் பஞ்சு விளையாதே, பிறகு ஏன் அங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, இதில்தான் நாம் வருகிறோம்.

சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத், வங்காளத்திலிருந்தும் போன சாயத் துணிக்கு இங்கே அப்படி ஒரு மோகம். கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூப்பாடு போட்டார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை வந்தது. இங்கே நூற்றவர்களால் பாவுக்கு (தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூல்) தாங்குகிற பருத்தி நூல் நூற்க முடியவில்லை. பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பருத்தி போட்டுச் சமாளித்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் கையாலேயே நூற்ற பாவு நூல் அது! ஆர்க்ரைட்டின் மெஷின் கொடுத்ததுதான் இங்கே முதன்முதலில் கிடைத்த உறுதியான பருத்திப் பாவு. 1774இல் பார்லிமென்ட்டில் மனுப்போட்டு, முழுப் பருத்தித் துணியை இங்கே நெய்ய வழி வாங்கினார்.

குரோம்ஃபர்ட் வளாகத்தில் நிற்கும்போது சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வருகிறது எனக்கு. நம் கைத்தறிக்கு வந்த கேடு இந்தத் தண்ணீரில் தொடங்கியது. என் அப்பாவின் சம்பளமும் இந்தத் தண்ணீரில்தான் தொடங்கியது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது, ஆனால் ஊரெல்லாம் மில் முளைத்தது 1930களில் பைக்காரா மின்சாரம் இறங்கிய பிறகு. அங்கேயும் மலைத் தண்ணீர்தான் நூற்கும் கதிரைச் சுற்றியது.

2024 ஜூன் 2

அப்பா வந்ததைப் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2018இல் வந்திருந்தார். குரோம்ஃபர்ட்டில் முற்றத்தில் நின்று, "கார்டிங் எந்தப் பக்கம்? பஞ்சு எங்க இறங்கும்?" என்று கேட்டார். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவிச் சீராக்குவது. கட்டடத்தின் அகலத்தைக் காலடி வைத்து அளந்தார். அங்கே மெஷின் சத்தம் கிடையாது, கல்லும் தண்ணீரும்தான். அவருக்கு ஏமாற்றம். அதனால் அடுத்த நாள் ஸ்டயல் ஊரில் உள்ள குவாரி பேங்க் மில்லுக்குக் கூட்டிப்போனேன்.

1784இல் சாமுவேல் கிரெக் கட்டியது. இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பின் வசம். பாலின் என்ற சின்ன ஆறு, இரு பக்கமும் சரிவில் காடு, அடியில் செங்கல் மில். மேலே மான்செஸ்டருக்கு இறங்கும் விமானங்கள். உள்ளே பழைய மெஷின்களை ஓட்டியே காட்டுகிறார்கள். ரோலர் ஜோடிகள் சுற்ற ஆரம்பித்ததும் அப்பா முன்னால் போய்விட்டார். "முன்னாடி ரோலர் வேகமா, பின்னாடி ரோலர் மெதுவா. நடுவுல பஞ்சு இழுபடுது. நம்ம ஃபிரேமும் இதேதான் கண்ணு. இருநூறு வருசமா ஒருத்தனும் மாத்தல." உண்மைதான், ஆர்க்ரைட் போட்ட அந்த ரோலர் இழுவைதான் இன்றைய ரிங் பிரேமிலும் இருக்கிறது.

நூல் ஒன்று அறுந்தது. ஓட்டிக் காட்டிய அம்மா குனிவதற்குள் அப்பாவின் கை தானாக முன்னே போய், பிறகு நின்றுவிட்டது. அந்த அம்மா அதைப் பார்த்தார். சைகையில் இவரும் சைகையில் அவரும் பேசிக்கொண்டார்கள். மில் இரைச்சலில் வேலை செய்த எல்லாருக்கும் அந்தப் பேச்சு வரும் போல. தறி ஓடியபோது அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, ரிங் பிரேம் கொண்டுபோன காது அது. செருப்பைக் கழற்றி, மரத்தரையில் வெறுங்காலோடு நின்றார். அதிர்வு காலில் ஏறுகிறது என்றார்.

2024 ஜூன் 3

ஒரு திருத்தம்: குவாரி பேங்க் டார்பிஷைரில் இல்லை, செஷையர். உங்கள் வழியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகிப் போக வேண்டும். நான்கு நாளில் ஒன்றை அதற்குக் கொடுங்கள் என்றே சொல்வேன்.

அப்பிரண்டிஸ் ஹவுஸையும் விடாதீர்கள். மில்லில் வேலை செய்த சுமார் 90 பிள்ளைகள் தங்கிய வீடு. கிரெக் குடும்பத்துக்குக் கரீபியனில் டொமினிக்கா தீவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டமும் இருந்தது. மில்லுக்கு வந்த பஞ்சும் பெரும்பாலும் அடிமைகள் பறித்தது. அழகான காடு என்று சும்மா எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை.

2024 ஜூன் 22

வாடகை வீடு எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. போன வருடம் ஒரு வீட்டுக்காரர் "மில்லிலிருந்து 5 நிமிட நடை" என்று போட்டிருந்தார். இறங்குவதற்கு 5 நிமிடம் சரி. ஏறுவதற்கு மாமியாரோடு 25 நிமிடம், இரண்டு இடத்தில் சுவரில் உட்கார்ந்து. இந்தப் பள்ளத்தாக்கில் தூரத்தைக் கேட்காதீர்கள், ஏற்றத்தைக் கேளுங்கள். வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

சாப்பாடு: அம்மாவுக்கு டார்பிஷைர் ஓட்கேக் வாங்கிக் கொடுங்கள். பெயரில் கேக், தட்டில் கல்தோசை. ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றுவது. மாமியார் தேங்காய்ப் பொடி தொட்டுச் சாப்பிட்டார். பேக்வெல்லில் புட்டிங் கேளுங்கள். கடைகளில் பெட்டியில் விற்கும் பேக்வெல் டார்ட் வேறு சாமான்.

2024 ஜூலை 14

பழைய மில்லும் காடும் ஒன்றாக வேண்டும் என்றால் மாட்லாக் பக்கத்தில் லம்ஸ்டேல். நேற்றுப் போனேன். ஒரு சின்ன ஓடை படிப்படியாக விழுகிறது, ஒவ்வொரு படியிலும் ஒரு இடிந்த மில். கூரை கிடையாது, சுவரில் பாசி, சக்கரக் குழியில் பெரணி. ஒரே தண்ணீரை மேல் மில் குடித்துவிட்டுக் கீழ் மில்லுக்குக் கொடுத்திருக்கிறது. கல் சரியும் இடம், பையன்கள் கையை விடாதீர்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம்.

போகிற வழியெல்லாம் ஆஷ் மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒரு பூஞ்சை நோய் கொல்கிறது. இந்தச் சுண்ணாம்புப் பள்ளத்தாக்குக் காடுகளில் ஆஷ்தான் அதிகம் என்பதால் அடி பலம். வெட்டிய இடத்தில் லைம், எல்ம் என்ற காட்டு மரக் கன்றுகளைக் குழாய் மாட்டி நட்டிருக்கிறார்கள். மிதிக்காமல் போங்கள்.

2024 ஜூலை 15

சாட்ஸ்வொர்த்தில் நீரூற்றை நின்று பாருங்கள். மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844இல் ரஷ்ய மன்னர் வருவார் என்று ஆறே மாதத்தில் போட்டது. மன்னர் வரவில்லை. பம்ப் இல்லை, மேலே மேட்டில் ஏரி வெட்டி, அந்த உயரத்தின் அழுத்தத்தில் மட்டும் எழும்புகிறது. குரோம்ஃபர்ட்டில் சக்கரம் சுற்றிய அதே வித்தை இங்கே கண்ணுக்கு விருந்தாக. மாளிகையைச் சுற்றிய பூங்காவில் நடக்க டிக்கெட் தேவையில்லை. அம்மா களைத்தால் ஆற்றங்கரையில் மான்களைப் பார்த்து உட்காரட்டும்.

சாட்ஸ்வொர்த், ஹேடன் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஹேடனுக்கு. உரிமையாளர்கள் 200 வருடம் அங்கே குடியிருக்காததால் யாரும் புதுப்பித்துக் கெடுக்கவில்லை. 1920களில் ரட்லண்டின் ஒன்பதாம் டியூக் வந்து பொறுமையாகச் சரி செய்தார். சமையலறையில் கத்தி தேய்த்துத் தேய்த்துக் குழிந்த மரமேசையைத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

2024 ஆகஸ்ட் 20

போய் வந்து எழுதியதற்கு நன்றி. சாட்ஸ்வொர்த்தில் இரண்டு மணி நேரம், குரோம்ஃபர்ட்டில் ஒரு நாள் முழுக்க என்று படித்ததும் உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

உங்கள் அம்மா நார்த் ஸ்ட்ரீட்டில் நின்று சொன்னதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. சென்னிமலையில் தறி வீட்டில் பிறந்தவர் என்று நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தத் தெருவை விடலாம் என்று எழுதியிருக்க மாட்டேன். 13 வருடமாக நான் வெறும் வரிசை வீடு என்று கடந்துபோன இடம். மேல்மாடியில் அகலமாக ஓடும் ஜன்னலைப் பார்த்ததும் "இது தறி போட்ட வீடு, வெளிச்சம் நூல் மேல விழணும்ல" என்று சொல்லிவிட்டாராமே. அப்படியேதான். 1776இல் ஆர்க்ரைட் கட்டினார். மனைவியும் பிள்ளைகளும் மில்லில் நூற்க, புருஷன் மேல்மாடியில் நெய்ய. மே 4 குறிப்பில் அந்த வரியை நீக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். 10ஆம் எண் வீட்டைப் பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் வாடகைக்கு விடுகிறது, உள்ளே போய் அந்த ஜன்னலடியில் உட்காரலாம்.

2024 ஆகஸ்ட் 21

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: "மாடியில குழி எப்படித் தோண்டினாங்க?" தோண்டவில்லை அம்மா. இங்கே குழித்தறி கிடையாது. நான்கு கால் மரச்சட்டத் தறி, நெசவாளி பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். ஊடை நூலை ஓட்டும் நாடாவும், அந்த நூல் சுற்றிய தாரும் நம்முடையது மாதிரிதான். அடுத்த மாதம் 10ஆம் எண் வீட்டில் மூன்று நாள் எடுத்திருக்கிறேன். மேல்மாடியில் காலை எத்தனை மணிக்கு வெயில் நுழைகிறது என்று பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.